அப்பாயி கையிலிருந்த பச்சையை என் கையில் குத்திக்கொள்ளலாமா? டாட்டூ வடிவம் தேர்ந்தெடுக்க யோசனை சொல்லுங்கள்

குடந்தை மலர்:

வணக்கம். டாட்டூ போட்டுக்கொள்ளும் ஆசை எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு. போன வருடம் அப்பாயி (அப்பாவின் அம்மா) தவறிய பிறகு, போட்டால் அவர் நினைவாகத்தான் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். எதைப் போடுவது என்பதில்தான் நிற்கிறேன்.

அப்பாயியின் இடது முன்கையில் ஒரு பச்சைக் கோலம் இருந்தது. சின்ன வயதில் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு அதன் கோடுகளை விரலால் தடவுவேன். அதையே என் கையில் குத்திக்கொள்ளலாம் என்பது முதல் யோசனை. ஆனால் எங்களிடம் இருக்கும் போட்டோ எதிலும் அது தெளிவாக இல்லை. கடைசிக் காலத்தில் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து நீலப்பச்சைத் திட்டாகிவிட்டது. நடுவில் ஒரு கட்டமும் சுற்றிலும் புள்ளிகளும் இருந்ததாக எனக்கு ஞாபகம். அத்தை அது கட்டமில்லை, வட்டம் என்கிறார்.

இரண்டாவது யோசனை, அவர் பெயரைத் தமிழில் எழுதிக்கொள்வது. மூன்றாவது, ஸ்டூடியோ ஆல்பத்தில் பார்த்தவை. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அர்த்தம் போட்டிருந்தார்கள். தாமரை என்றால் மறுபிறப்பு, அம்பு என்றால் முன்னேற்றம், பறவைகள் என்றால் விடுதலை. எதைப் படித்தாலும் அப்பாயி ஞாபகம் வரவில்லை.

வயது 27, வேலையில் இருக்கிறேன். அம்மாவுக்கு முழுச் சம்மதம் இல்லை, தடுக்கவும் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஊசிமுனை:

மலர், நான் மதுரையில் டாட்டூ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். முதலில் அந்த ஆல்பத்தை மறந்துவிடுங்கள். காலையில் யோசித்து மாலைக்குள் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்காக எங்கள் தொழிலில் வைத்திருப்பது அது. அதில் எழுதியிருக்கும் அர்த்தங்கள் பெரும்பாலும் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியவை.

கவர்-அப் (பழைய டாட்டூவை மறைத்து மேலே புதிது போடுவது) கேட்டு என்னிடம் வருபவர்களில் அதிகம் பேர் பழைய காதலரின் பெயரை மறைக்க வருகிறார்கள். அடுத்தபடியாக ஆல்பத்துப் படங்கள். அப்பா அம்மா, தாத்தா பாட்டி நினைவாகப் போட்டதை மறைக்கச் சொல்லி வருபவர்கள் மிகக் குறைவு. அவர்கள் வந்தாலும், கோடு கலங்கிவிட்டது, சரிசெய்து கொடுங்கள் என்றுதான் கேட்பார்கள். அதனால் நீங்கள் எடுத்த முதல் முடிவு சரியானது. மிச்சம் இருப்பது வடிவம், அளவு, இடம்.

பழைய பச்சையைப் போட்டோவிலிருந்து எடுப்பது பற்றி ஒன்று சொல்கிறேன். அந்தக் காலத்துப் பச்சை கையால் ஊசி குத்திப் போட்டது. ஒரு இடத்தில் ஆழமாகவும் இன்னொரு இடத்தில் மேலாகவும் இறங்கியிருக்கும். அறுபது எழுபது வருடத்தில் கோடு தடித்துவிடும். அந்தத் திட்டை வைத்து நான் வரைந்தால் பாதி உங்கள் அப்பாயியுடையது, மீதி என் கற்பனை. உங்களுக்கும் அத்தைக்கும் ஞாபகம் வேறு வேறாக இருக்கிறது என்கிறீர்கள். இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கோலப்பொடி:

மலர் கண்ணு, எனக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். எங்கள் தெருவுக்கு அறுவடை முடிந்ததும் பச்சை குத்தும் குறத்திகள் வருவார்கள். மூன்று நான்கு ஊசியைச் சேர்த்துக் கட்டி, வலி தெரியாமலிருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவார்கள். கூலி என்று பார்த்தால் நெல், பழைய புடவை, வெற்றிலை பாக்கு. மை அவர்களே செய்தது. மஞ்சள்பொடியும் அகத்தி இலையும் சேர்த்து அரைத்து, துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டி, விளக்கில் எரித்து, மேலே சட்டியைக் கவிழ்த்துக் கரி பிடிப்பார்கள். அந்தக் கரியைத் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பது வழக்கம். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன் நூறு வருடத்துக்கு முன்பே இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது நான் கேட்பதற்குக் கோபப்படக் கூடாது. அந்தக் கோலத்தை உங்கள் அப்பாயியா தேர்ந்தெடுத்தார்? எங்கள் வீட்டில் பெண் பிள்ளைகளுக்கு எட்டு ஒன்பது வயதில் பெரியவர்கள் பிடித்து உட்கார வைத்துக் குத்தினார்கள். என் அக்கா அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கோலம் குறத்தியின் கையில் பழகிய கோலம். தெருவில் பாதிப் பெண்களுக்கு ஒரே கோலம்தான். எனக்குக் குத்தியதும் அதுவே. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் என்னைக் கேட்டு யாரும் குத்தவில்லை. என் பேத்தி நாளைக்கு இதை நினைவாகக் குத்திக்கொள்கிறேன் என்றால், வேறு ஏதாவது என்னுடையதை எடுத்துக்கொள் என்றுதான் சொல்வேன்.

தனிவழி:

இதை நான் முழுக்க ஏற்கவில்லை அம்மா. நீங்கள் உங்கள் பச்சையைப் பற்றிச் சொல்வது உங்களுக்குச் சரி. ஆனால் மலர் தடவிப் பார்த்தது அந்தக் கையைத்தான். யார் தேர்ந்தெடுத்தது என்பதைவிட, அந்தக் கோலத்தோடு அவர் ஒரு வாழ்க்கை முழுக்க இருந்தார் என்பது பெரிதில்லையா?

இன்னொன்று. எல்லா டாட்டூவுக்கும் அர்த்தம் வேண்டும் என்று ஏன் நினைக்கிறோம்? என் கையில் ஒரு வாழையிலை இருக்கிறது. பச்சை நரம்பு ஓடும் விதம் பிடித்தது, போட்டுக்கொண்டேன். பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது.

ஊசிமுனை:

உங்கள் வாழையிலை நல்ல தேர்வு. கண்ணுக்குப் பிடித்திருக்கிறது என்பதும் காரணம்தான். ஆனால் மலர் ஒருவர் நினைவாகப் போடுகிறார். அங்கே கோலப்பொடி அம்மா கேட்ட கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

போடி பாண்டி:

அண்ணா, நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு வலது முன்கையில் சிவன், திரிசூலம், கீழே மவோரி பேண்ட் (கையைச் சுற்றிய பட்டை) எல்லாம் சேர்த்து முழுக்கைக்கும் போட ஆசை. டிசைன் எடுத்தாயிற்று. மத்திய ஆயுதப் படைகளுக்குக் காவலர் எடுக்கும் எஸ்.எஸ்.சி. ஜி.டி. தேர்வுக்கும் படிக்கிறேன். பிரச்சினை வருமா?

எல்லைச்சாமி:

தம்பி, நான் மத்திய ரிசர்வ் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவன். அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் நிறுத்து. மத்திய ஆயுதப் படைகளின் மருத்துவத் தேர்வில் டாட்டூவுக்குத் தனி விதி இருக்கிறது. மதச் சின்னம், பெயர் இவற்றை அனுமதிப்பார்கள். ஆனால் இடம் இடது முன்கையின் உள்பக்கம் அல்லது புறங்கை. வலது கை சல்யூட் அடிக்கிற கை, அந்த முன்கையில் கூடாது. அளவும் அந்த உறுப்பில் கால் பங்குக்குள் இருக்க வேண்டும். நீ சொல்வது வலது கை, அதுவும் முழுக்கை. ஓட்டம், எழுத்துத் தேர்வு எல்லாம் தாண்டி வந்து மெடிக்கலில் திரும்பிப் போகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனசு தாங்காது. சேர்ந்த பிறகு யோசி. அதற்கு முன் அந்த வருடத்து அறிவிக்கையை வரிக்கு வரி படி.

ஆக்லாந்து அருள்:

பாண்டி, அந்த மவோரி பேண்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் நியூசிலாந்தில் இருக்கிறேன். இங்கே பூர்வகுடிகளான மவோரி மக்களின் தா மோக்கோ என்பது ஒருவருடைய வம்சம், குலம், அவர் நிலை எல்லாவற்றையும் சொல்லும் குறி. ஒருவருடையதை இன்னொருவர் எடுத்துப் போட்டுக்கொள்வது, அவருடைய குடும்பத்தை நம் குடும்பம் என்று சொல்லிக்கொள்வதற்குச் சமம். மவோரி அல்லாதவர்களுக்கென்று வம்சக் குறி இல்லாமல் அதே பாணியில் வரைவதைக் கிரிதுஹி என்கிறார்கள். அதை மவோரி கலைஞரிடமே போட்டுக்கொள்வதுதான் மரியாதை. இணையத்தில் கிடைக்கும் ‘மவோரி பேண்ட்’ பலவற்றில் சமோவா, மார்க்கேசஸ், ஹவாய் என்று வேறு தீவுகளின் வடிவங்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன.

மலருக்கு ஒரு தகவல். பிலிப்பைன்ஸில் புஸ்காலன் என்ற மலைக் கிராமத்தில் வாங்-ஓட் என்ற மூதாட்டி முள்ளாலும் கரியாலும் தட்டித் தட்டிக் கலிங்கா என்ற அந்த ஊர்ப் பழங்குடி மக்களின் பச்சையைப் போடுகிறார். 2023ல் அங்குள்ள வோக் என்ற ஃபேஷன் பத்திரிகை அட்டையில் அவர் படம் வந்தது. அந்தக் கலையைத் தன் பேத்தி முறைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்தபோது நம் ஊரில் பச்சை குத்திய பெண்களின் கோலங்களை யாரும் இப்படி எடுத்து வைக்கவில்லையே என்று வருத்தமாக இருந்தது.

எழுத்தச்சு:

ஓரளவு எடுத்து வைத்திருக்கிறார்கள் அருள். 1937ல் ஜான் லேயார்ட் என்ற பிரிட்டிஷ் மானிடவியலாளர், தென்னிந்திய வாசல் கோலத்தையும் பச்சைக் கோலத்தையும் சேர்த்து வைத்து ஒரு கட்டுரை எழுதினார். உள்ளே போக ஒரே வழி இருக்கும் கோட்டை மாதிரியான சுழல் வடிவங்கள் வாசலிலும் கையிலும் வருவதைப் பற்றியது. ஆனால் குத்திய பெண்களின் பெயர் எங்கும் இல்லை.

மலரின் இரண்டாவது யோசனைக்கு வருகிறேன். நான் எழுத்துரு வேலை செய்கிறவன். தமிழ்ப் பெயரைக் கையில் போடுவதாக இருந்தால் தயவுசெய்து கேளுங்கள். பல வரைகலை மென்பொருள்களில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் தனியாகச் செயல்படுத்த வேண்டும். செய்யாவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், ‘கொ’ உடைந்துவிடும், புள்ளி பக்கத்து எழுத்தின் மேல் உட்காரும். தமிழ் படிக்கத் தெரியாத ஊர்களில் போட்டுக்கொண்டவர்கள் கையில் இப்படிப் பார்த்திருக்கிறேன். சென்னையிலும் பார்த்திருக்கிறேன். ஸ்டென்சிலை (வடிவத்தைத் தோலில் பதிக்கும் தாள்) ஒட்டிய பிறகு, ஊசி எடுக்கும் முன், தமிழ் தெரிந்த இரண்டு பேர் எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டும்.

பழங்காலக் கல்வெட்டு எழுத்தான தமிழ்ப் பிராமியில் போடும் ஆசை இப்போது நிறையப் பேருக்கு இருக்கிறது. இணையத்தில் மாற்றித் தரும் கருவிகள் பலவும் அசோகர் காலத்து வடபுலப் பிராமியைக் கொடுக்கின்றன. அதில் ழ, ள, ற, ன கிடையாது. தமிழ்ப் பிராமியில் அந்த நான்குக்கும் தனி வடிவம் உண்டு. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் தொகுத்த கல்வெட்டுப் படங்களோடு ஒப்பிடாமல் போடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட நல்லது அவருடைய கையெழுத்து. எந்த எழுத்துருவும் அதற்கு ஈடாகாது. அப்பாயி எழுதிய எதாவது இருக்கிறதா?

குடந்தை மலர்:

எல்லோருக்கும் நன்றி. கோலப்பொடி அம்மா, கோபம் எதுவும் இல்லை. நேற்று இரவு அத்தையிடம் கேட்டேன். நீங்கள் சொன்னது போலத்தான். அப்பாயிக்கு அப்போது பத்து வயதுகூட இல்லை. பிடிக்கவில்லை என்று பின்னால் கையை மறைத்து மறைத்து வைத்திருப்பாராம். எனக்கு இது தெரியவே தெரியாது.

எழுத்தச்சு, அப்பாயி பள்ளிக்கூடம் போனதில்லை. கையெழுத்துப் போட மட்டும் தெரியும், அதையும் ரேஷன் கார்டு வேலைகளுக்காகக் கற்றுக்கொண்டார். அவர் கைப்பட்டது என்றால் கோல நோட்டுதான் இருக்கிறது. மார்கழிக்கு முன்னால் புதுக் கோலம் எங்கே பார்த்தாலும் வந்து அதில் போட்டுப் பார்ப்பார். பழைய கணக்கு நோட்டு, பென்சில் கோடு. அது எண்ணத்திலேயே வரவில்லை, ஏனென்றால் அதைப் பத்திரமாக வைத்திருப்பது அம்மா.

கோலப்பொடி:

கண்ணு, அதுதான். வேறு எங்கும் தேடாதே.

தனிவழி:

அவர் கையை மறைத்துக்கொண்டார் என்று தெரிந்த பிறகு நானும் பச்சைக் கோலத்துக்கு வாதாட மாட்டேன். நோட்டிலிருந்து எடுங்கள்.

யாழ்நிலா:

நானும் ஒரு சொல் சொல்லிப்போட்டுப் போகிறேன். சாமிப் படம் போடுகிற ஆக்கள் இருந்தால், போகப்போகிற நாட்டையும் யோசியுங்கோ. 2014 இல் பிரிட்டனைச் சேர்ந்த ஒரு பெண்ணை, மேற்கையில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்ததுக்காகக் இலங்கையில கட்டுநாயக்கா விமான நிலையத்தில பிடித்து நாடு கடத்தினவை. 2017 இல் இலங்கை உயர் நீதிமன்றம் (நாட்டின்ர அதியுயர் நீதிமன்றம்) அது அவரின்ர உரிமையை மீறின செயல் எண்டு சொல்லி நட்டஈடு குடுக்கச் சொன்னது. தீர்ப்பு நல்லதுதான், ஆனால் அந்தப் பிள்ளை அடைபட்டுக் கிடந்த நாட்கள் கிடந்ததுதானே. அதேபோல இடுப்புக்குக் கீழே சாமிப் படம் போடுறது எங்கட ஆக்களுக்கே மனம் நோகும். மலர், கோலம் நல்ல தெரிவு.

தோல்நலம்:

நான் தோல் மருத்துவர். வடிவம் முடிவாகப் போகிறது என்பதால் தோல் பற்றிச் சிலவற்றைச் சொல்கிறேன், ஏனென்றால் வடிவத்தின் அளவை இதுதான் தீர்மானிக்கும்.

மை இறங்குவது மேல்தோலுக்குக் கீழே, ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில். அங்கே உடலின் காப்பு அணுக்கள் மைத்துகளை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. 2018ல் பிரான்சில் எலிகளில் செய்த ஆய்வில், அந்த அணுக்கள் இறக்கும்போது விடும் மையைப் புதிதாக வரும் அணுக்கள் திரும்ப விழுங்கிக்கொள்வதைக் காட்டினார்கள். டாட்டூ நிலைப்பதும் இதனால்தான். நாளாக ஆக மைத்துகள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கோடு தடிக்கும். கருப்புக் கரி தோலுக்கு அடியில் இருக்கும்போது ஒளிச்சிதறலால் நீலமாகத் தெரியும். மலர் சொன்ன அந்தத் திட்டு அப்படி வந்ததுதான்.

நம் நிறத்துத் தோலில் கருப்பு மை நன்றாக நிற்கும். வெள்ளை, மஞ்சள், வெளிர் ஊதா எல்லாம் சீக்கிரம் தெரியாமல் போகும். காது குத்திய இடத்தில் கட்டியாகத் தழும்பு வளர்ந்த அனுபவம் உங்களுக்கோ குடும்பத்திலோ இருந்தால் ஊசிக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். மார்பு, தோள்பட்டை இரண்டிலும் அந்தத் தழும்பு அதிகம் வரும்.

பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள முதலில் தற்காலிகமாகப் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் கடைவீதியில் ‘கருப்பு மெஹந்தி’ என்று போடுவதைத் தொடாதீர்கள். அதில் முடிச்சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. என்ற ரசாயனம் இருக்கும். கொப்புளம் வந்து, வரைந்த வடிவத்திலேயே தழும்பு நின்றுபோன நோயாளிகளைப் பார்க்கிறேன். நம் வீட்டு மருதாணி போதும்.

பிறகு அழித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் போடக் கூடாது. நம் தோலுக்கு 1064 நானோமீட்டர் லேசர்தான் ஓரளவு பாதுகாப்பு. பல அமர்வுகள் ஆகும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஆறிலிருந்து எட்டு வாரம் இடைவெளி வேண்டும், தோல் வெளுத்துப்போகும் ஆபத்தும் உண்டு. பச்சை, நீல மைகள் அந்த லேசருக்கு அவ்வளவாக மசியாது.

இன்னொன்று, ரத்த தானம் செய்யும் பழக்கம் இருந்தால் டாட்டூ போட்ட நாளிலிருந்து 12 மாதம் தர முடியாது. வீட்டில் யாருக்காவது அறுவை சிகிச்சை வரப்போகிறது என்றால் அதையும் கணக்கில் வையுங்கள்.

குடந்தை மலர்:

டாக்டர், நன்றி. தழும்புப் பிரச்சினை எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

ஒரு வாரமாக அம்மாவும் நானும் நோட்டைப் பார்த்தோம். அம்மா இதில் இப்படி உட்காருவார் என்று எதிர்பார்க்கவில்லை. எந்தக் கோலம் எந்த வருடத்துப் பொங்கலுக்குப் போட்டது, எதில் மாமியாருக்கும் தனக்கும் சண்டை வந்தது என்று பக்கம் பக்கமாகச் சொன்னார். பெரிய தேர்க்கோலம், தாமரை, 21 புள்ளிக் கோலம் எல்லாம் இருக்கின்றன. அவ்வளவும் விசேஷ நாள் கோலங்கள். எனக்குப் பிடித்தது ஒரு சிக்குக் கோலம், 7 புள்ளி, இடுக்குப் புள்ளி (ஒரு வரிசைப் புள்ளிகளின் இடுக்கில் அடுத்த வரிசைப் புள்ளிகள்), 4 வரை. அப்பாயி சாதாரண நாட்களில் யோசிக்காமலேயே போடுவது அது. நோட்டிலும் ஓரத்தில் அவசரமாகப் போட்டிருக்கிறார். ஒரு பக்கம் கோடு லேசாகச் சாய்ந்திருக்கிறது.

கேள்வி 1: சாய்ந்திருப்பதைச் சரிசெய்வதா, அப்படியே விடுவதா? கேள்வி 2: எந்த அளவு? மணிக்கட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சின்னதாக நினைத்தேன்.

எழுத்தச்சு:

சாய்வை விடுங்கள். கணினியில் சமச்சீராக்கினால் அது எந்தக் கோலப் புத்தகத்திலும் கிடைக்கும் கோலமாகிவிடும். உங்கள் அப்பாயியின் கை அந்தச் சாய்வில்தான் இருக்கிறது. நோட்டை ஸ்கேனரில் அழுத்தாமல், நல்ல வெளிச்சத்தில் நேர் மேலிருந்து போட்டோ எடுங்கள். பென்சில் கோடு அழுத்தினால் அழியும்.

கோலப்பொடி:

7 புள்ளி 4 வரை என்றால் வரிசைகள் 4, 5, 6, 7, 6, 5, 4. மொத்தம் 37 புள்ளி. ஸ்டென்சில் ஒட்டியதும் ஒவ்வொரு புள்ளியாக எண்ணிப் பார். பிறகு கோட்டின் ஓர் இடத்தில் விரலை வைத்துத் தொடர்ந்து போ. புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். ஒரு வளைவு விட்டுப்போனால் சிக்கு அறுந்துவிடும். வரைகிறவருக்குக் கோலம் போட்டுப் பழக்கம் இல்லையென்றால் அது அவர் கண்ணுக்குத் தெரியாது.

ஊசிமுனை:

அம்மா சொன்னது பொன்னான வார்த்தை. சாய்வு இருக்கட்டும், அறுந்த கோடு கூடாது.

அளவு பற்றி. ரூபாய் நாணயம் அளவு வேண்டாம். அந்த அகலத்தில் 7 புள்ளி வைத்தால் புள்ளிக்குப் புள்ளி 4 மில்லிமீட்டர்கூட வராது. அதற்கு நடுவில் கோடும் போக வேண்டும். போட்ட அன்று படம் எடுத்துப் போட அழகாக இருக்கும். கொஞ்ச வருடத்தில் இடைவெளி மூடி, மறுபடியும் ஒரு நீலத் திட்டு. 5 சென்டிமீட்டர் அகலம் வையுங்கள், புள்ளிக்குப் புள்ளி 8 மில்லிமீட்டர் கிடைக்கும். கோடு தடித்தாலும் கோலம் தெரியும். அந்த அளவுக்கு மணிக்கட்டு போதாது. முன்கையின் உள்பக்கம், முழங்கைக்குச் சற்றுக் கீழே தட்டையான இடம். வெயில் குறைவாகப் படும், வேலையில் வேண்டுமானால் முழுக்கைச் சட்டையில் மறையும். விரல், உள்ளங்கை, பாதம் பக்கம் போகாதீர்கள், அங்கே மை நிற்காது.

ஸ்டென்சில் ஒட்டும்போது கையை இயல்பாகத் தொங்கவிட்டபடி ஒட்டச் சொல்லுங்கள். மேஜையில் கையைத் திருப்பி வைத்து ஒட்டினால், நீங்கள் நிற்கும்போது கோலம் முறுக்கிக்கொள்ளும். பிடிக்கவில்லை என்றால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காத ஆளிடம்தான் போட வேண்டும். ஊசியின் கவரை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், மையைச் சின்னக் கிண்ணத்தில் புதிதாக ஊற்ற வேண்டும். இது இரண்டும் நடக்காவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். புதிதாக முடித்த வேலையை மட்டும் பார்க்காமல், இரண்டு மூன்று வருடம் ஆன டாட்டூ படங்களைக் காட்டச் சொல்லுங்கள்.

குடந்தை மலர்:

5 சென்டிமீட்டர், இடது முன்கை உள்பக்கம், கருப்பு மட்டும். சாய்வு அப்படியே. முதலில் மருதாணியில் அம்மாவே போட்டுவிடுகிறேன் என்றிருக்கிறார். அது மறையும்வரை பார்த்துவிட்டு, பொங்கல் கழித்து ஸ்டூடியோவில் நாள் வாங்குகிறேன். புள்ளி எண்ண அம்மாவையும் கூட்டிப்போகிறேன்.

ஊசிமுனை:

அம்மா வருவது நல்லது. சாப்பிட்டுவிட்டு வாருங்கள், வெறும் வயிற்றில் சிலருக்கு மயக்கம் வரும். ஆறும்வரை இரண்டு மூன்று வாரம் குளம், கடல், நீச்சல் குளம் வேண்டாம். பொருக்கைக் கிள்ளக் கூடாது. ஸ்டூடியோவில் புள்ளி, கோடு பற்றிச் சந்தேகம் வந்தால் ஸ்டென்சிலைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், குத்துவதற்கு முன் நாங்களும் எண்ணிப் பார்க்கிறோம்.

போடி பாண்டி:

எல்லைச்சாமி ஐயா, அட்வான்ஸைத் திருப்பி வாங்கிவிட்டேன். தேர்வு முடிந்து சேர்ந்த பிறகு விதியைப் பார்த்துக்கொண்டு போடுகிறேன். எங்கள் பாட்டி வீட்டிலும் கோல நோட்டு இருக்கிறதா என்று கேட்கப் போகிறேன்.